'எங்கள் பண்பாட்டுக்கு ஒத்துவராது' என்ற வாதம்: இரு பக்கமும் பேசத் தயாராவது எப்படி?

கேட்டவர்: செங்காந்தள்

வணக்கம். விவாத அரங்கு ஒன்றுக்கான தலைப்பு இது: "ஜனநாயகமும் மனித உரிமைகளும் எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்தும்." எந்தப் பக்கம் பேசவேண்டும் என்பது மேடையேற அரைமணி நேரம் இருக்கும்போது சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் சரக்கு வேண்டும்.

தேடிப் பார்த்தால் எல்லாம் ஒரே வட்டத்தில் சுற்றுகின்றன. ஒரு தரப்பு "இதெல்லாம் மேற்கிலிருந்து வந்தது, ஆசியாவில் குடும்பமும் சமூகமும்தான் முதலில்" என்கிறது. மறுதரப்பு "உரிமை மனிதர் எல்லோருக்கும் பொது" என்கிறது. அதற்கு மேல் நகர்வதில்லை. 'ஆசிய விழுமியங்கள்' வாதம் எந்த ஆவணத்தில், என்ன சொற்களில் இருக்கிறது? யார் யாருக்குப் பதில் சொன்னார்கள்? இந்தத் தலைப்பில் பேச்சாளர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஆவணப்பெட்டி

முதலில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாதி விவாதம் அங்கேயே தெளிந்துவிடும்.

ஒன்று, பாங்காக் பிரகடனம். வியன்னாவில் நடக்கவிருந்த உலக மனித உரிமை மாநாட்டுக்கு முன்னோட்டமாக ஆசிய அரசுகள் 1993 மார்ச் 29 முதல் ஏப்ரல் 2 வரை கூடி வெளியிட்டது. அதன் 8ஆவது பத்தியின் சாரம்: மனித உரிமைகள் இயல்பில் உலகப் பொதுவானவை என்றாலும், தேசிய, வட்டாரத் தனித்தன்மைகளையும் வரலாற்று, பண்பாட்டு, சமயப் பின்னணிகளையும் மனத்தில் கொண்டே அவற்றைப் பார்க்கவேண்டும்.

மற்றொன்று, அதே ஆண்டு ஜூன் 14 முதல் 25 வரை நடந்த வியன்னா மாநாட்டின் பிரகடனம். 171 நாடுகள் கருத்தொருமையோடு ஏற்றது. முதல் பகுதியின் 5ஆவது பத்தி: தனித்தன்மைகளையும் பின்னணிகளையும் மனத்தில் கொள்ளவேண்டும் என்றாலும், அரசியல், பொருளாதார, பண்பாட்டு அமைப்பு எதுவாக இருந்தாலும் எல்லா மனித உரிமைகளையும் வளர்ப்பதும் காப்பதும் அரசுகளின் கடமை.

சொற்கள் ஏறக்குறைய அவையேதான். 'என்றாலும்' எந்தப் பக்கம் விழுகிறது என்று கவனியுங்கள். பாங்காக்கில் 'உலகப் பொது' என்பது விட்டுக்கொடுக்கும் பாதியில் இருக்கிறது, பண்பாடு வாக்கியத்தின் முடிவில் நிற்கிறது. வியன்னாவில் பண்பாடு விட்டுக்கொடுக்கும் பாதிக்குப் போய்விட்டது, அரசின் கடமை முடிவுக்கு வந்துவிட்டது. மூன்று மாத இடைவெளியில் நடந்த பேரத்தின் விளைவு இந்த இடமாற்றம். "ஆசியா மனித உரிமைகளின் பொதுமையை மறுத்தது" என்று மேடையில் சொன்னால் தவறு, ஏனென்றால் பாங்காக் ஆவணமே 'இயல்பில் உலகப் பொதுவானவை' என்று ஒப்புக்கொள்கிறது. "வியன்னாவோடு பண்பாட்டு வாதம் தோற்றது" என்பதும் தவறு, தனித்தன்மை என்ற சொல் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.

பாங்காக்கின் 4, 5ஆம் பத்திகளைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. வளர்ச்சி உதவிக்கு மனித உரிமையை நிபந்தனையாக்குவதை ஊக்குவிக்கக் கூடாது என்கிறது 4. இறையாண்மை, உள்விவகாரங்களில் தலையிடாமை என்கிறது 5. பனிப்போர் முடிந்து, உதவியையும் வணிகச் சலுகையையும் உரிமைகளோடு முடிச்சுப் போடும் பேச்சு வலுத்திருந்த காலம் அது. பண்பாட்டுக் கவலையும் ராஜதந்திரக் கவலையும் ஒரே மூட்டையில் கட்டப்பட்ட ஆவணம். மேடையில் அந்த மூட்டையைப் பிரிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

இன்னொன்றும் முக்கியம். அதே பாங்காக்கில், அரசுகள் கூடுவதற்குச் சற்று முன்பு, ஆசிய பசிபிக் வட்டாரத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட தொண்டு அமைப்புகள் தனியாக ஒரு பிரகடனம் வெளியிட்டன. உலகப் பொதுவான உரிமைகளைக் குறைக்கும் பண்பாட்டு வழக்கங்களைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்றது அது. ஆக 1993 வசந்தத்தில் 'ஆசியாவின் குரல்' என்று இரண்டு குரல்கள் ஒரே நகரத்தில் எழுந்தன.

ஆள்கள் என்று பார்த்தால், சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் இயூ 1994இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க வெளியுறவு இதழுக்குக் கொடுத்த நேர்காணல்தான் ஒரு பக்கத்தின் மையம். அந்த ஆண்டு இறுதியில் அதே இதழில் தென்கொரியாவின் கிம் டே ஜங் பதில் எழுதினார். மக்களைக் கைவிட்ட அரசனை அகற்றலாம் என்ற பழைய சீன அறிஞர் மென்சியஸின் கருத்தையும், மனிதனே வானம் என்ற கொரியாவின் டோங்காக் மரபையும் எடுத்துக்காட்டினார். அதாவது ஆசிய மரபுக்கு ஆசிய மரபாலேயே பதில். 1998இல் அவர் தென்கொரிய அதிபரானார். மலேசியப் பிரதமர் மகாதீர் 1997இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தையே மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றார். அந்த ஜூலையிலேயே தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்து நிதி நெருக்கடி பரவியது. 'எங்கள் விழுமியங்களால் வளர்ந்தோம்' என்ற பேச்சு அதன் பிறகு அவ்வளவு உரக்க எழவில்லை. இந்தோனேசியாவில் நீண்டகாலம் ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21 அன்று பதவி விலகினார்.

1948 பற்றியும் ஒரு கேள்வி கட்டாயம் வரும். உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு 0, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8, வராதவை 2. ஒதுங்கியவற்றில் சோவியத் அணி, சவூதி அரேபியா, இனஒதுக்கல் தென்னாப்பிரிக்கா. வரைவில் சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், இந்தியாவின் ஹன்சா மேத்தா ஆகியோரின் பங்கு பெரியது. 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்பட இருந்த சொல்லை 'மனிதர் அனைவரும்' என்று மாற்ற வாதாடியவர் ஹன்சா மேத்தா. கடவுள், இயற்கை என்று எந்த ஒரு மரபின் அடித்தளத்தையும் முதல் பிரிவில் எழுதவேண்டாம் என்று வாதாடியவர் சாங். இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரணி சொல்லும்: அன்று ஐ.நா.வில் இருந்த ஆப்பிரிக்க நாடுகள் 4தான், ஆசியாவிலும் பல நாடுகள் காலனிகளாகவே இருந்தன. அதற்குப் பதில் 1955 பாண்டுங் மாநாடு. 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடி, அந்தப் பிரகடனத்தை எல்லா மக்களுக்குமான பொது அளவுகோலாகக் கவனத்தில் கொண்டன.

பதில்: வாதச்சட்டகம்

மேலே உள்ள ஆவண விவரத்தோடு வாதத்தின் எலும்புக்கூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எங்கள் பண்பாட்டுக்கு ஒத்துவராது' என்பது ஒரே கூற்றுப்போலத் தெரியும். உள்ளே நான்கு வேறு வேறு கூற்றுகள் இருக்கின்றன. 'எங்கள் மரபில் இது இல்லை' என்பது வரலாறு பற்றியது. 'எங்களுக்குத் தனிமனிதரைவிடச் சமூகம் பெரிது' என்பது விழுமியம் பற்றியது. 'முதலில் சோறு, பிறகு வாக்கு' என்பது பொருளாதாரம். 'வெளியார் சொல்ல வேண்டியதில்லை' என்பது அதிகாரம். ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு, பதில் வேறு. ஒன்றுக்குக் கேள்வி கேட்டால் பேசுபவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார், கேட்பவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். தோல்விகளில் பாதி இங்கேதான். "இப்போது எதைப் பற்றிப் பேசுகிறோம்?" என்று நிறுத்திக் கேளுங்கள்.

சமூகமா தனிமனிதரா என்ற கூற்றில் ஒரு சொல்மாற்று நடக்கும். 'சமூகம்' என்று தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் 'அரசு' என்று முடியும். சிங்கப்பூர் அரசு 1991 ஜனவரியில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் ஐந்து பொது விழுமியங்களில் முதலாவதைப் பாருங்கள்: இனச்சமூகத்துக்கு முன்னால் தேசம், தனிமனிதருக்கு மேலே சமுதாயம். வரிசையின் உச்சியில் இருப்பது ஊரோ குடும்பமோ இல்லை, தேசம். இதில் ஒளிவுமறைவு இல்லை, அவர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை 'ஆசியச் சமூக உணர்வு' என்று மொழிபெயர்க்கும்போது பொருள் மாறிவிடுகிறது. சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: அந்த நாட்டில் தொழிற்சங்கம், சமய அமைப்பு, ஊர்ச்சங்கம் ஆகியவை அரசுக்கு எதிராக வாய்திறக்கச் சட்டம் இடம் தருகிறதா? தராவிட்டால் அங்கே காக்கப்படுவது சமூகம் அன்று.

உண்மையிலேயே சமூகத்தை முன்வைக்கும் மரபு உரிமைகளைக் குறைக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 1995 ஜூனில் மக்வான்யானே வழக்கில் மரண தண்டனையை நீக்கியபோது, நீதிபதிகள் பலர் 'உபுண்டு' என்ற கருத்தை, ஒருவர் மனிதராவது பிறர் வழியாகவே என்பதை, எடுத்தாண்டார்கள். வட்டார விழுமியம் அங்கே கொலைக் குற்றவாளியின் உயிரைக் காத்தது. 'பண்பாடு என்றால் உரிமைக்குத் தடை' என்று நினைக்கும் அணிக்கும் 'உரிமை என்றால் பண்பாட்டுக்கு அந்நியம்' என்று நினைக்கும் அணிக்கும் இது ஒரே நேரத்தில் பதில்.

சோறா வாக்கா என்ற கூற்றில் புள்ளிவிவரத் தேர்வுதான் பிழை. தென்கொரியா, தைவான், சிங்கப்பூர் என்று மூன்று பெயரைச் சொல்லி முடித்துவிடுவார்கள். கடும் ஆட்சியால் வளர்ச்சி என்றால் 1962க்குப் பிறகான பர்மாவையும், மார்க்கோஸின் பிலிப்பைன்ஸையும், மொபுட்டுவின் ஜயரையும் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதே பட்டியலில் வைக்கவேண்டும். மொபுட்டு இந்த விவாதத்துக்கு இரட்டைப் பயன்: 'அசல் ஆப்பிரிக்கத்தன்மை' என்ற பெயரில் 1971இல் நாட்டின் பெயரை மாற்றினார், மக்களின் கிறித்தவப் பெயர்களைக் கைவிடச் செய்தார், மேற்கத்திய கோட்டு டையைத் தடுத்தார். பண்பாட்டு மீட்பு முழுவீச்சில் நடந்தது, நாடு ஓட்டாண்டியானது. மறுபுறம் பாட்ஸ்வானா தொடர்ந்து தேர்தல் நடத்திக்கொண்டே வேகமாக வளர்ந்தது. கொரியா, தைவான் வளர்ச்சிக்கு நிலச்சீர்திருத்தம், எல்லோருக்கும் பள்ளி, ஏற்றுமதிக் கொள்கை என்று காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் எது செய்தித்தாளை மூடினால்தான் நடக்கும் என்று எதிரணியைச் சொல்லச் சொல்லுங்கள்.

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் பெயரைச் சொல்லாமல் யாரும் இந்தத் தலைப்பை முடிப்பதில்லை, ஆனால் அவரைத் தவறாகச் சொல்லிக் கோட்டை விடுபவர்கள் ஏராளம். சுதந்திரமான, தேர்தல் நடக்கும், ஓரளவு பத்திரிகைச் சுதந்திரம் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பதே அவர் கூற்று. 1943 வங்கப் பஞ்சம் காலனி ஆட்சியில், 1958 முதல் 1961 வரையிலான சீனப் பஞ்சம் ஒரு கட்சி ஆட்சியில். காரணமும் எளிது: செத்துக்கொண்டிருப்பவர்கள் பற்றிய செய்தி மேலே போகிறது, போனபின் ஆட்சி இழக்கும் பயம் வேலை செய்கிறது. 'ஜனநாயகம் பசியைப் போக்கும்' என்று அவர் சொல்லவில்லை. நீண்டகால ஊட்டக்குறைவு ஜனநாயக நாடுகளிலும் இருக்கிறது, இந்தியாவே சான்று. அந்த வேறுபாட்டை நீங்களே முன்கூட்டிச் சொன்னால் எதிரணிக்கு அடிக்க இடம் இருக்காது.

செங்காந்தள்

மிக்க நன்றி. இவை பெரும்பாலும் 'பொருந்தும்' என்ற பக்கத்துக்கு உதவுகின்றன. சீட்டில் மறுபக்கம் விழுந்தால் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் வலுவாகப் பேச என்ன இருக்கிறது? பெண்ணுரிமை, சமயத் தனிச்சட்டம் பற்றிய கேள்வி வந்தால் அந்தப் பக்கம் நின்று எப்படிச் சமாளிப்பது?

பதில்: நடுக்கோடு

அந்தப் பக்கத்துக்கு நல்ல வாதங்கள் உண்டு. லீ குவான் இயூவிடம் போகத் தேவையில்லை, ஐரோப்பாவுக்குப் போங்கள்.

ஸ்திராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976இல் ஹேண்டிசைட் வழக்கில் சொன்னது: ஒழுக்கம் பற்றி ஐரோப்பா முழுவதற்கும் ஒரே கருத்து இல்லை, ஆகவே அந்தந்த நாட்டு அதிகாரிகளுக்குத் தீர்மானிக்க ஓரளவு இடம் விடவேண்டும். 2011இல் லவுட்சி வழக்கில், இத்தாலியின் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் சிலுவை தொங்குவது உரிமை மீறல் இல்லை என்றது. 2014இல் பிரான்சின் முகத்திரைத் தடையை 'சேர்ந்து வாழ்தல்' என்ற காரணத்தின்பேரில் ஏற்றது. வட்டார மரபுக்கு இடம் தருவது ஆசியா கண்டுபிடித்த சாக்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஐரோப்பா செய்தால் நீதியியல், ஆசியா கேட்டால் சர்வாதிகாரமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால் அந்த நீதிமன்றம் இடம் மட்டும் விடவில்லை, கணக்கும் கேட்கிறது. தடை சட்டத்தில் இருக்கிறதா, நோக்கம் ஏற்கத்தக்கதா, ஜனநாயகச் சமுதாயத்தில் தேவையானதா, நோக்கத்துக்கு மீறிய அளவில் வெட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. அரசு சொன்னதோடு முடியாது, வெளியே இருக்கும் நீதிபதி ஒருவர் சரிபார்க்கிறார். ஆசியா முழுவதற்கும் அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் மனித உரிமை ஆணைக்குழு 2009இல் வந்தது, தனிநபர் முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் நீதிமன்றம் அன்று அது. 2012 நவம்பர் 18 அன்று வந்த ஆசியான் பிரகடனத்தின் 7ஆவது பிரிவு பண்பாட்டுப் பின்னணியைப் பேசுகிறது, அதைச் சோதித்துப் பார்க்கும் நீதிபதி இல்லை. மறுபக்கம் பேசுகிறீர்கள் என்றால் இந்த ஓட்டையை நீங்களே அடைத்துவிடுங்கள்: "பண்பாட்டுக்கு இடம் வேண்டும், அதைச் சரிபார்க்க வட்டார நீதிமன்றமும் வேண்டும்" என்று சொல்லுங்கள். வாதம் உடனே நிமிர்ந்து நிற்கும்.

உரிமையை மூன்று அடுக்காகப் பார்ப்பது உங்களுக்கு உதவும். கருத்து, பொருள்கோடல் (அந்தக் கருத்தை எப்படி விளங்கிக்கொள்வது), நடைமுறை வடிவம். ஆட்சியில் பங்கேற்கும் உரிமை என்பது கருத்து. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 25ஆவது பிரிவு கேட்பது உண்மையான, குறித்த கால இடைவெளியில் நடக்கும், எல்லோருக்கும் சமவாக்குள்ள, இரகசியமான தேர்தல். அதிபர் முறையா நாடாளுமன்ற முறையா, விகிதாசாரமா தொகுதி முறையா, கூட்டாட்சியா ஒற்றையாட்சியா என்று அது சொல்வதில்லை. வடிவத்தில் பண்பாட்டுக்கு நிறைய இடம், பொருள்கோடலில் கொஞ்சம், கருத்தில் மிகமிகக் குறைவு. 'பொருந்தாது' அணி வடிவ அடுக்கில் நின்று பேசினால் ஜெயிக்கலாம். கருத்து அடுக்குக்கு ஏறினால் சித்திரவதையையும் அடிமை முறையையும் நியாயப்படுத்தும் மூலைக்குத் தள்ளப்படுவார்கள். அதே உடன்படிக்கையின் 4ஆவது பிரிவின்படி, நெருக்கடிநிலையிலும் இவ்விரண்டின் மீதான தடையைத் தளர்த்த முடியாது.

'ஒழுக்கத்தைக் காக்க' என்ற காரணத்துக்கும் எல்லை உண்டு. ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இல் சமய உரிமை பற்றிய தன் 22ஆவது பொதுக்கருத்தில் எழுதியது: ஒழுக்கம் பல சமூக, தத்துவ, சமய மரபுகளிலிருந்து வருவது, ஆகவே அதன் பெயரால் போடும் தடை ஒரே ஒரு மரபிலிருந்து மட்டும் பெறப்பட்டதாக இருக்கக் கூடாது.

இரட்டை அளவுகோல் வாதமும் உங்களுக்கு வலு. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966 உடன்படிக்கை, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 உடன்படிக்கை, குழந்தை உரிமைகளுக்கான 1989 உடன்படிக்கை ஆகிய மூன்றிலும் அமெரிக்கா கையெழுத்திட்டதே தவிர, தன்னைச் சட்டப்படி கட்டும் ஏற்புறுதியைச் செய்யவில்லை. ஆனால் இதை எதற்குச் சான்றாக வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. உபதேசம் செய்பவர் தவறுகிறார் என்பதால் உபதேசம் பொய்யாகாது. 'உரிமைகளைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறார்கள், சோறும் வீடும் மருத்துவமும் விடுபடுகின்றன' என்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், நிற்கும்.

எல்லாவற்றையும்விட வலுவானது இன்னொன்று: வெளியிலிருந்து திணித்த மாற்றம் ஊன்றுவதில்லை. செனகலில் பெண் உறுப்புச் சிதைப்பைப் பாருங்கள். அது திருமணத்தோடு கட்டப்பட்ட வழக்கம். ஒரு குடும்பம் மட்டும் விட்டால் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. தீங்கு என்று தெரிந்தாலும் தனியாக விலக முடியாது. 1997 ஜூலையில் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள் ஊரறியக் கூட்டாகக் கைவிட்டதாக அறிவித்தார்கள். ஓர் ஊர் மட்டும் போதாது, பெண் கொடுத்து எடுக்கும் மற்ற ஊர்களும் சேரவேண்டும் என்பது விரைவில் புரிந்தது. கூட்டறிவிப்புகள் அப்படியே பரவின. சட்டம் 1999இல் வந்தது. இங்கே வழியைத் திறந்தது உறவுமுறை அறிவு, வெளிக் கண்டனம் இல்லை. சீனாவில் பெண்குழந்தைகளின் பாதங்களை இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கும் கால்கட்டும் வழக்கத்தை எதிர்த்த சங்கங்களும் இதையே செய்தன: என் மகளுக்குக் கால் கட்டமாட்டேன், கால் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கமாட்டேன் என்று இரட்டை உறுதிமொழி. அப்படியென்றால் பண்பாட்டைக் கருவியாக்கி உரிமையை அடைவது எப்படி என்றுதான் மறுபக்கம் பேசவேண்டும்.

பெண்ணுரிமைக் கேள்விக்கு வருகிறேன். பெண்களுக்கான உடன்படிக்கையின் 5ஆவது பிரிவு, தாழ்வு உயர்வு எண்ணத்தில் ஊன்றிய சமூக, பண்பாட்டு வழக்கங்களை மாற்றும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. உடன்படிக்கையை ஏற்கும்போதே 'இந்தப் பிரிவு எங்களை இந்த அளவுக்கே கட்டும்' என்று பல நாடுகள் விலக்கு எழுதிவைத்தன. உடன்படிக்கையின் நோக்கத்துக்கே முரணான விலக்கு செல்லாது என்கிறது 28ஆவது பிரிவு. இந்தியா 1993இல் ஏற்றபோது, எந்தச் சமூகத்தின் தனிப்பட்ட விவகாரத்திலும் அந்தச் சமூகத்தின் முன்முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற தன் கொள்கைக்கு ஏற்ப 5, 16ஆம் பிரிவுகளைக் கடைப்பிடிப்பதாக அறிவித்தது. இங்கே கேட்கவேண்டிய கேள்வி: சமூகத்தின் சம்மதத்தைச் சமூகத்தில் யார் தருகிறார்கள்? அந்தச் சமூகத்துப் பெண்களின் கையெழுத்து அதில் இருக்கிறதா?

இதற்கு லவ்லேஸ் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. கனடாவின் பூர்வகுடிப் பெண் ஒருவர் குடிக்கு வெளியே மணந்ததால், அன்றைய சட்டப்படி பூர்வகுடித் தகுதியை இழந்தார். அப்படி மணந்த ஆண்கள் இழக்கவில்லை. மணமுறிவுக்குப் பின் தன் மக்களிடம் திரும்பி வாழ அவருக்கு உரிமை மறுக்கப்பட்டது. 1981இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் பக்கம் முடிவு சொன்னது, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைப் பேசும் 27ஆவது பிரிவின்படி. அந்தப் பெண் பண்பாட்டிலிருந்து தப்பிக்கக் கேட்கவில்லை. பண்பாட்டுக்குள் தனக்கும் இடம் கேட்டார். 'பெண்ணுரிமையா பண்பாடா' என்று கேள்வியை வைப்பதே பிழை என்று இந்த வழக்கை வைத்து எந்தப் பக்கமிருந்தும் சொல்லலாம். ஆப்பிரிக்காவின் பெண்ணுரிமை ஆவணமான 2003 மாபுட்டோ நெறிமுறை இதைப் பிரிவாகவே எழுதிவிட்டது: நேர்மறையான பண்பாட்டுச் சூழலில் வாழவும், பண்பாட்டுக் கொள்கையைத் தீர்மானிப்பதில் பங்கேற்கவும் பெண்களுக்கு உரிமை உண்டு என்கிறது 17ஆவது பிரிவு.

பதில்: கல்வெட்டு

பழம்பெருமையை மேற்கோள் காட்டுவது பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழ் மேடைகளில் இந்தத் தலைப்பு வந்தால் ஐந்தாவது நிமிடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டு வந்துவிடும்: "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை!"

கல்வெட்டு உண்மை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலம், பொ.ஆ. 919, 921. ஊர் 30 குடும்புகளாக (இன்றைய வார்டுபோல) பிரிக்கப்பட்டது, ஒவ்வொன்றிலிருந்தும் குடவோலையில், அதாவது குடத்தில் இட்ட ஓலைகளிலிருந்து, பெயர் எடுக்கப்பட்டது. கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது, அண்மையில் வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்தவரும் நிற்க முடியாது. பொறுப்புக்கூறல் என்ற கருத்து இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்டிருப்பது பெருமைக்குரியதுதான். ஆனால் அது பிராமணர்களின் சபை. வரி கட்டும் கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக்கல்வி என்று தகுதிகள். பெண்ணுக்கும் நிலமில்லாதவருக்கும் இடமில்லை. மேலும் அது குலுக்கல், வாக்கு இல்லை. 'ஜனநாயகம் எங்களிடம் இருந்தது' என்றால் எதிரணி இந்தத் தகுதிப் பட்டியலை வாசித்துவிட்டு உட்காரும்.

அசோகரும் அப்படியே. 12ஆம் பாறைக் கல்வெட்டு பிற சமயங்களைப் பழிக்காமல் நாவை அடக்கச் சொல்கிறது. கலிங்கப் போருக்கு வருந்தும் 13ஆம் கல்வெட்டு, அதே மூச்சில் காட்டுவாசிகளுக்கு 'வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை உண்டு' என்று எச்சரிக்கவும் செய்கிறது.

பழைய சான்று நிறுவுவது ஒன்றே: சகிப்பு, பொறுப்புக்கூறல், அதிகாரத்தைக் கேள்வி கேட்பது ஆகிய இழைகள் இங்கேயும் இருந்தன. முழுத் துணி எங்கேயும் இல்லை. ஏதென்ஸில் பெண்களும் அடிமைகளும் அயலாரும் வெளியே நின்றார்கள். பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944இல், சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சித் தேர்தல்களில் 1971இல். இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்துவிட்டது. 'மேற்கின் மரபு' என்று சொல்லப்படுவதும் அண்மையில் சண்டைபோட்டுப் பெற்றதுதான் என்பதற்கு இந்த மூன்று ஆண்டுகளைச் சொன்னால் போதும்.

பதில்: வாதச்சட்டகம்

ஒன்று விட்டுப்போனது: கருத்துக்கணிப்பு. எதிரணி 'ஆசியர்கள் வலுவான தலைவரையே விரும்புகிறார்கள்' என்று எண்ணோடு வந்தால், கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று கேளுங்கள். உலக விழுமியக் கணக்கெடுப்பு 1981 முதல் பல சுற்றுகள் நடந்திருக்கிறது. அதில் 'ஜனநாயக ஆட்சி நல்லதா' என்பது ஒரு கேள்வி, 'நாடாளுமன்றம், தேர்தல் பற்றிக் கவலைப்படாத வலுவான தலைவர் நல்லதா' என்பது வேறொரு கேள்வி. ஒரே ஆள் இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியும், சொல்லவும் செய்கிறார்கள். ஜனநாயகம் என்ற சொல்லுக்கு ஒருவர் தேர்தல் என்று பொருள்கொள்வார், இன்னொருவர் நல்ல சம்பளம் என்று பொருள்கொள்வார். அரசை விமர்சித்தால் ஆபத்து உள்ள நாட்டில் கதவைத் தட்டிக் கேட்கும் அந்நியரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். சராசரியைச் சொல்லும்போது அந்த நாட்டுக்குள்ளேயே வயது, கல்வி, நகரம், கிராமம் என்று எவ்வளவு வேறுபாடு என்பதையும் கேளுங்கள்.

பேச்சை அமைக்கும்போது நேரத்தில் முதல் ஐந்தில் ஒரு பங்கை 'எந்த உரிமை, எந்த அடுக்கு' என்று வரையறுக்கவே ஒதுக்குங்கள். பிறகு ஒரே ஒரு வழக்கை ஆழமாக எடுங்கள். பத்து நாடுகளின் பெயரை அடுக்கினால் எதிரணிக்கு ஒன்பது வாசல் திறந்துவிட்டமாதிரி.

பதில்: ஆவணப்பெட்டி

ஒரு துணுக்கு, 'ஆசியா' என்ற சொல்லைப் பற்றி. ஐ.நா. கணக்கில் பாங்காக்கில் கூடிய ஆசியக் குழுவில் மேற்காசிய நாடுகளும் பசிபிக் தீவுகளும் அடக்கம். கன்பூசிய மரபைச் சொல்லி அந்தப் பிரகடனத்தை விளக்கினால் ஈரானும் வங்கதேசமும் இந்தியாவும் எங்கே போகும்? ஜப்பான் அந்த ஆவணத்தைப் பற்றித் தன் மாறுபாட்டைப் பதிவுசெய்தது. எதிரணி 'ஆசிய விழுமியம்' என்று சொன்ன உடனேயே எந்த நாடு, எந்த மரபு, யார் எழுதியது என்று பெயர் கேளுங்கள். நீங்கள் அந்தப் பக்கம் பேசுகிறீர்கள் என்றால், அவர்கள் கேட்கும் முன்பே ஒரு நாட்டையும் ஒரு மரபையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நில்லுங்கள்.